விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்: குதிரைத்திறனை விடுங்கள், எடையைப் பாருங்கள்

கேள்வி இது: "வயது 34. மனைவி, நான்கு வயது மகள். இப்போது ஓட்டுவது ஒரு சாதாரண ஹேட்ச்பேக். சின்ன வயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. பெரிய பெயர்கள் எல்லாம் எனக்கு எட்டாது. விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, இருப்பதை விற்றுவிட்டு, ஆபீஸுக்கும் அதிலேயே போய் வரலாமா? நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்."

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், ஆனால் இருக்கிற ஹேட்ச்பேக்கை விற்காதீர்கள். விற்றால்தான் வாங்க முடியும் என்றால் இரண்டு இருக்கை வண்டியை மறந்துவிடுங்கள், வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். என்னிடம் ஒன்பது வருடமாக ஒரு பழைய இரண்டு இருக்கை வண்டி இருக்கிறது. கேன்வாஸ் கூரை, பின் சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். கூடவே வீட்டில் ஒரு சாதாரண காரும் உண்டு. ஆகவே எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சார்பு இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வண்டிகள் ஏன் மலிவாகக் கிடைக்கின்றன என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே தனி எஞ்சின், தனி கியர்பாக்ஸ் என்று வடிவமைத்தால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் கம்பெனிகள் குடும்பக் காரின் பாகங்களை எடுத்து வேறு மாதிரி அடுக்குகின்றன. 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின், அதே கம்பெனியின் வீட்டுக் கார்களில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்தான். 1964-இல் ஃபோர்டு மஸ்டாங் வந்தபோது அதன் அழகான உடம்புக்கு அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் கார். 1972-இல் ஃபியட் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தது. முன் சக்கர இயக்கம் கொண்ட 128 காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே தூக்கி இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தது. கிடைத்தது எக்ஸ்1/9, நடுவில் எஞ்சின் உள்ள ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார். 1984-இல் டொயோட்டா எம்ஆர்2-வும் இதே வித்தைதான். கொரோலா வகையில் இருந்த எஞ்சின் அதில் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் இருக்கிறது. எஞ்சின் சம்பந்தப்பட்ட பொருள்கள், அதாவது ஃபில்டர், பிளக், பெல்ட், வாட்டர் பம்ப் போன்றவை பெரும்பாலும் சாதாரணக் கார் விலையில்தான் கிடைக்கும். விஷயம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் வெளியே கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் அப்படியில்லை. ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, கூரைத் துணி எல்லாம் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே செய்தவை, செய்த எண்ணிக்கையும் குறைவு. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் செலவைவிட, பார்க்கிங்கில் எவரோ இடித்துவிட்டுப் போன செலவு அதிகமாகும். எனக்கு அது நடந்தது. ஒருவர் ரிவர்ஸ் எடுக்கும்போது என் வண்டியின் மூக்கில் லேசாக முட்டினார். உடைந்தது ஒரு ஹெட்லைட் மட்டும். அது வந்து சேர 11 வாரம் ஆயிற்று, அதுவரை வண்டி ஒற்றைக் கண்ணோடு உறை போர்த்திக் கிடந்தது. அந்த ஒரு காரே எனக்கு இருந்திருந்தால் 11 வாரம் பஸ்தான். ஆகவே எந்த மாடலை நினைத்திருக்கிறீர்களோ, அதன் ஹெட்லைட், முன் பம்பர், கூரை அல்லது பின் கண்ணாடி ஆகிய மூன்றின் விலையையும் வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பேச்சு எப்போதும் எங்கே போகுமோ அங்கே போவோம்: "எத்தனை ஹெச்.பி.?" ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. எனக்கு அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, வண்டி எத்தனை கிலோ?

மலிவு ஸ்போர்ட்ஸ் கார் என்ற பேச்சு வந்தாலே கடைசியில் மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் போய்த்தான் நிற்கும், அதை வைத்தே சொல்கிறேன். 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார். பழைய பிரிட்டிஷ் திறந்த கூரை வண்டிகள் மறைந்து வருகின்றன, அதே மாதிரி எளிமையான ஒன்றை நீங்கள் செய்யுங்களேன் என்று. எம்ஜிபி அடுத்த வருடமே நின்றுபோனது. மாஸ்டாவின் வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குக் கீழே. பிரிட்டிஷ் வண்டிகளின் குணத்தை எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஒழுகுவதையும் மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாததையும் விட்டுவிட்டார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. உலகில் வேறு எந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் அவ்வளவு விற்றதில்லை.

இப்போதைய நான்காம் தலைமுறை 1.5 லிட்டர் வண்டி, நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம் தொட 8 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இன்றைய கணக்கில் இது வேகமே இல்லை. நல்ல டர்போ டீசல் செடான் பக்கத்தில் வந்து நின்றால் சிக்னலில் தோற்றுப்போவீர்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படியிருந்தும் இதை ஓட்டினவர்கள் ஏன் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள்?

எடைதான் காரணம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 100 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு டன் வண்டியை நிறுத்த, பிரேக் சுமார் 390 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். அதே வேகத்தில் 1,700 கிலோ வண்டி என்றால் 650-ஐத் தாண்டும். வேகம் ஒன்றுதான், ஆனால் பிரேக் படும் பாடு வேறு. வளைவில் டயர் தாங்க வேண்டிய பாரமும் இதே விகிதத்தில்தான் ஏறும். கனமான வண்டியைத் துள்ளலாக ஓட்டவைக்க அகலமான டயர், பெரிய டிஸ்க், இறுக்கமான ஸ்பிரிங், அதிக பவர் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டிய ஒவ்வொன்றும் எடையையும் கூட்டும், மாற்றும் நாளில் பில்லையும் கூட்டும். லேசான வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. சின்ன டயர், சின்ன டிஸ்க், சின்ன எஞ்சின் போதும். விலை குறைந்த வண்டி வாங்கிய பிறகும் விலை குறைந்ததாகவே இருக்க வேண்டுமென்றால் அது லேசாக இருக்க வேண்டும். பழைய பெரிய எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்கள் சந்தையில் ஆச்சரியமான மலிவில் கிடைக்கும். வாங்கும் விலைதான் குறைந்திருக்கும். பிரேக் பேடும் டயரும் கிளட்சும் அந்த வண்டி புதிதாக விற்ற விலைக்கு ஏற்ற விலையில்தான் வரும். யானையை யாரோ சும்மா கொடுத்த கதை அது. தீனி போடுவது நாம்தான்.

லேசான வண்டி ஓட்டும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு வளைவை வைத்துச் சொல்கிறேன். இடப்பக்கம் திரும்பும் ஒரு சாதாரண வளைவு, காலை நேரம், சாலை காலி. மூன்றாவது கியரில் வருகிறீர்கள், 70 கி.மீ. வேகம். பிரேக்கைத் தொட்டதும் மூக்கு மெல்லத் தாழ்கிறது, எடை முன் சக்கரங்களுக்குப் போவது உட்காரும் இடத்திலேயே தெரிகிறது. கிளட்சை அமுக்கி, கியர் குச்சியைப் பின்னுக்கு இழுத்து இரண்டாவதில் போடுகிறீர்கள். குச்சி மணிக்கட்டு அசைவிலேயே போய் விழுகிறது, முழங்கை நகரவே இல்லை. ஸ்டீயரிங்கைக் கால்வாசி திருப்புகிறீர்கள். இடுப்பைச் சுற்றித்தான் வண்டி திரும்புகிறது, ஏனென்றால் நீங்கள் உட்கார்ந்திருப்பது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால். பாதி வளைவில் ஆக்ஸிலரேட்டரை மெல்லக் கொடுக்கிறீர்கள். முதுகு இருக்கையில் பதிகிறது, வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்து பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் 55. சட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள், எவருக்கும் ஆபத்து இல்லை, ஆனால் நான்கு விநாடியில் கை, கால், காது, இடுப்பு எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது.

400 குதிரைத்திறன் வண்டியில் இதே வளைவு வெறும் வளைவுதான். அதன் திறமை வெளியே வர வேண்டுமென்றால் பொதுச் சாலையில் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டும். பந்தயத் தடம் பக்கத்தில் இல்லாதவருக்கு அந்தப் பவர் பெட்டியில் பூட்டிய நகை மாதிரி. சின்ன எஞ்சின் வண்டியில் இரண்டாவது, மூன்றாவது கியர்களில் எஞ்சினை ரெட்லைன் வரை, அதாவது அது சுழலக்கூடிய உச்சம் வரை, இழுத்துப் பார்க்கலாம். வாங்கிய குதிரை அத்தனையையும் தினமும் மேய்க்கலாம்.

சரி, இனி கெட்டது. சிலதைச் சட்டென்று சொல்லிவிட்டுப் போகிறேன், சிலதில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஏறி இறங்குவது கஷ்டம். காருக்குள் ஏறுவது என்பதே தவறு, இறங்கித்தான் உட்கார வேண்டும். முதுகுவலி உள்ளவர்களுக்கு இரண்டே வாரத்தில் அலுத்துவிடும். உயரம் ஆறடியைத் தாண்டினால் உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் சத்தம் அதிகம், துணிக் கூரை என்றால் பக்கத்தில் போகும் லாரியின் டயர் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். போனில் பேசுவது ஆகாத காரியம். வேகத்தடை ஒவ்வொன்றையும் குறுக்காகச் சாய்ந்து ஏற வேண்டும், அப்படியும் சில நேரம் அடிவயிறு உரசும். எஸ்யூவிக்காரர்கள் உங்களைப் பார்க்கவே மாட்டார்கள், அவர்களுடைய கண்ணாடியில் நீங்கள் தெரிவதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் மட்டும் நன்றாகப் பார்ப்பார்கள். வண்டியின் வகை, உங்கள் வயது, பழைய கிளெய்ம், இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று எல்லாம் கேட்டுத்தான் தொகை சொல்வார்கள். வண்டியைப் பேசி முடிக்கும் முன் இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டிக்கி. எம்எக்ஸ்-5-இன் டிக்கி கொள்ளளவு 130 லிட்டர். எண்ணாகச் சொன்னால் புரியாது. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி இரண்டு, அதுவும் துணிப் பெட்டியாக இருந்தால் நசுக்கி வைக்கலாம். குழந்தையின் தள்ளுவண்டி போகாது. வீட்டுச் சாமான் பெரிய மூட்டையாக வாங்கினால் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக் கூட்டி வர வேண்டும்.

இப்போது குழந்தை விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரண்டு இருக்கை வண்டியில் மகள் உட்கார ஒரே இடம் முன் இருக்கை, எதிரே ஏர்பேக். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, வேலை செய்கிற ஏர்பேக்குக்கு எதிரே வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்தால் நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்தான் அடிக்கும். நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் முன்னோக்கிய இருக்கைக்கு மாறியிருக்கும். அப்போதும் எந்த வயது வரை குழந்தையை முன்னால் உட்கார வைக்கக் கூடாது என்று உங்கள் சட்டம் சொல்கிறது, அந்த வண்டியில் பக்கத்து ஏர்பேக்கை நிறுத்த வழி இருக்கிறதா, குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கி இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், மகள் ஏறினால் மனைவிக்கு இடம் இல்லை. மூவரும் சேர்ந்து எங்கேயும் போக முடியாத ஒரு கார் வீட்டின் ஒரே காராக இருந்தால், ஆறாவது மாதம் விற்பனை விளம்பரத்தில் அதைப் பார்க்கலாம். "குறைந்த கிலோமீட்டர், குடும்பக் காரணத்தால் விற்பனைக்கு" என்று வரும் விளம்பரங்களில் பாதி இந்தக் கதைதான் என்பது என் ஊகம்.

நான்கு இருக்கை என்று சொல்லி விற்கும் கூபேக்கள், அதாவது இரண்டு கதவும் தாழ்ந்த நிலைக் கூரையும் உள்ள கார்கள், உண்டே என்பீர்கள். டொயோட்டா 86, அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட் இரண்டும் 2012-இல் வந்தன. பின்னால் இரண்டு இருக்கை இருப்பது உண்மை. முன்னால் உட்கார்ந்தவர் காலை நீட்டினால் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கால் வைக்க இடமில்லை என்பதும் உண்மை. அந்த இருக்கையை மடித்தால் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக நான்கு டயர் வைக்கலாம் என்று கம்பெனியே கணக்குப் போட்டு வடிவமைத்தது. அதிலிருந்தே யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று தெரியும். நான்கு வயதுக் குழந்தையைக் குறுகிய தூரம் கூட்டிப்போகலாம். ஒவ்வொரு முறையும் முன் இருக்கையைத் தள்ளி, குனிந்து, பின்னால் பெல்ட் மாட்டி நிமிரும்போது முதுகு உங்கள் பெயரைச் சொல்லும். ஓட்டுவதற்கு அது அருமையான வண்டி என்பதில் சந்தேகமில்லை. முதல் தலைமுறையில் 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்.பி.எம்.) சுழலும் பக்கம் இழுவை திடீரென்று தொங்கிப்போகும், ஓட்டினவர்கள் எல்லோரும் சொன்ன குறை. இரண்டாம் தலைமுறையில் 2.4 லிட்டர் போட்டு அந்தக் குழியை நிரப்பினார்கள். பணம் இருந்தால் இரண்டாம் தலைமுறைக்கே போங்கள். முதல் தலைமுறை 17 அங்குலச் சக்கரத்தில் ப்ரியஸ் என்ற சிக்கன ஹைபிரிட் காருக்கும் போடுகிற டயரையே மாட்டி அனுப்பினார்கள். கஞ்சத்தனம் என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. பிடிப்பு குறைந்த டயர் குறைந்த வேகத்திலேயே "போதும்" என்று சொல்லிவிடும், மாற்றும்போது விலையும் குறைவு.

டயர் என்றதும் மழை ஞாபகம் வருகிறது. என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாங்கி மூன்றாவது மாதம், விடியற்காலை, தூறல். ரவுண்டானாவில் இரண்டாவது கியரில் திரும்பிக்கொண்டிருக்கிறேன், வேகம் 40-கூட இருக்காது. பின்பக்கம் லேசாக நழுவியது. பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எடுத்ததும் எடை முழுக்க முன்னால் ஓடிற்று, ஏற்கெனவே பிடிப்பில்லாத பின் சக்கரங்கள் இன்னும் லேசாகிவிட்டன, வண்டி அரைச் சுற்றுச் சுற்றி வந்த வழியைப் பார்த்து நின்றது. பின்னால் யாரும் வரவில்லை, பிழைத்தேன். முன் சக்கர இயக்க ஹேட்ச்பேக்கில் பத்து வருடம் பழகிய கால், பயந்தால் ஆக்ஸிலரேட்டரை விடு என்றுதான் சொல்லும். அங்கே அது சரி. இங்கே மெதுவாக, படிப்படியாக விட வேண்டும், ஸ்டீயரிங்கை நழுவும் பக்கமே திருப்ப வேண்டும். என் வண்டி மிகப் பழையது, அதில் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், அதாவது வண்டி நழுவினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் வசதி, கிடையாது. நீங்கள் அது உள்ள வருடத்து மாடலாகப் பார்த்து வாங்குங்கள், பொதுச் சாலையில் அதை ஆஃப் செய்யாதீர்கள். இறங்கிப் பார்த்தபோது தெரிந்த இன்னொரு விஷயம்: முன்னால் ஒரு கம்பெனி டயர், பின்னால் பெயர் கேள்விப்படாத டயர், அதுவும் வழுக்கை. விற்றவர் காசைச் சேமித்திருந்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால் நான் இன்றும் முதலில் குனிந்து பார்ப்பது நான்கு டயரும் ஒரே கம்பெனியா என்பதைத்தான். டயரில் மிச்சம் பிடித்தவர் எண்ணெய் மாற்றுவதிலும் மிச்சம் பிடித்திருப்பார்.

பழைய வண்டி பார்க்கும்போது இன்னும் சில சங்கதிகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், நீங்கள் வருவதற்குள் விற்பவர் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் நெரநெரவென்று விழுந்தால் உள்ளே சின்க்ரோ, அதாவது கியர்கள் உரசாமல் சேர உதவும் வளையம், தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் சூடானதும் அந்தச் சத்தம் மறைந்துவிடும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டி, காது கிழியும் சைலன்சர் மாட்டிய வண்டி என்றால் நான் பார்க்கக்கூடப் போக மாட்டேன். மாற்றம் எதுவும் செய்யாத, சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான வண்டியைத் தேடுங்கள். சர்வீஸ் பில்கள் ஒரு பழைய கவரில் கசங்கிக் கிடந்தால் அது நல்ல சகுனம்.

துணிக் கூரை வண்டி என்றால் துருவையும் தண்ணீரையும் பற்றி ஒரு வார்த்தை. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரு பக்கமும் சின்னக் குழாய் வழியாகக் கீழே இறங்கும். மரத்தடியில் நிறுத்தினால் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் போக இடமில்லாமல் உள்ளே தேங்கும், கதவுக்குக் கீழே உள்ள உலோகப் பெட்டியை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் கொப்பளித்து நமக்குத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். என் வண்டியில் இரண்டாவது மழைக்காலத்தில் ஈரத்துணி வாடை அடித்தது. தரை விரிப்பைத் தூக்கினால் அடியில் பஞ்சு பிழிகிற அளவுக்குத் தண்ணீர். குழாயில் மொத்தமான நைலான் நரம்பை விட்டுக் குடைந்ததும் கருப்பாக ஒரு கைப்பிடி சகதி விழுந்தது, பின்னாலேயே ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நரம்பு வேலை நடக்கும். பார்க்கப் போகும் வண்டியில் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு விரிப்பை அழுத்திப் பாருங்கள், கையை மோந்தும் பாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

ஆட்டோமேட்டிக்கா கியரா என்ற சண்டைக்குள் நான் போக விரும்பவில்லை. தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கிறவர் ஆட்டோமேட்டிக் எடுத்தால் குற்றமில்லை. பவர் குறைந்த வண்டியில் கியர் மாற்றுவதே பாதி விருந்து என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

எரிபொருள் செலவு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. லேசான வண்டி, சின்ன எஞ்சின், சாதாரணமாக ஓட்டினால் ஹேட்ச்பேக்கை ஒட்டியே வரும். சாதாரணமாக ஓட்ட மாட்டீர்கள் என்பதுதான் பிரச்சினை. சில எஞ்சின்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் ஆகும், டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனையில் இந்த வண்டிகள் மோசமில்லை, பெயர் பெற்ற லேசான மாடல்கள் நன்றாகவே விலை நிற்கும். ஹோண்டா எஸ்2000 ஒரு காலத்தில் மலிவு வகையில் சேர்த்திதான். 1999-இல் வந்தது, 2 லிட்டர் எஞ்சின் 9,000 ஆர்.பி.எம். பக்கம் வரை சுழலும். இன்று சேகரிப்பவர்கள் கையில் சிக்கி விலை எங்கேயோ நிற்கிறது. அதற்காக முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். விலை ஏறும் என்று ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டியில் ரப்பர் சீல் காயும், பேட்டரி சாகும், எலி வயரைக் கடிக்கும்.

இனி, முன்பே சொன்ன வேறு வழி. ஒரே காராகத்தான் இருக்க வேண்டும் என்றால் ஹாட் ஹேட்ச், அதாவது வலுவான எஞ்சின் வைத்த துள்ளலான ஹேட்ச்பேக், வாங்குங்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1976-இல் வந்தபோது 5,000 வண்டி விற்றால் போதும் என்றுதான் கம்பெனி நினைத்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோவை ஒட்டி. பின்னால் மூன்று பேர் உட்காரலாம், டிக்கியில் தள்ளுவண்டி போகும், மலை ஏறும்போது பெரிய பெரிய கார்களைப் பின்னால் விட்டுவிடும். முதல் தலைமுறை மட்டுமே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. இன்றைய ஹாட் ஹேட்ச்கள் எல்லாம் அதன் வாரிசுகள், எடைதான் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. அதிலும் லேசானதாகப் பார்த்து எடுங்கள், 300 குதிரை என்று விளம்பரம் செய்வதை விட்டுவிட்டுச் சின்னதற்குப் போங்கள். நான் சொன்ன அந்த வளைவில் கிடைக்கும் சுகத்தில் முக்கால்வாசி இதில் கிடைக்கும். மீதிக் கால்வாசி, வண்டி இடுப்பைச் சுற்றித் திரும்புகிற அந்த உணர்வு, கிடைக்காது. பள்ளிக்கூட வாசலில் மகள் தானே கதவைத் திறந்து இறங்கிப் போவாள், அதையும் கணக்கில் சேருங்கள்.

என் யோசனை இது. ஹேட்ச்பேக் அப்படியே இருக்கட்டும். ஒரு டன்னைச் சுற்றி எடை உள்ள, மாற்றம் செய்யாத, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள பழைய இரண்டு இருக்கை வண்டியை, நிறுத்த மூடிய இடம் இருந்தால் மட்டும், கையில் உள்ள பணத்தில் கால் பங்கைப் பழுது பார்க்க ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் தேடுங்கள். அந்தக் கால் பங்கு முதல் வருடமே போய்விடும். டயர், பிரேக் ஆயில், பெல்ட், ஷாக் அப்சார்பர் புஷ் என்று எதிலாவது போகும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதே மாடலை எங்கேயாவது இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் பிடித்துப்போகும், அது சோதனை இல்லை. திங்கட்கிழமை காலை மழையில், மகளின் பள்ளிப்பையும் உங்கள் லேப்டாப் பையும் இருக்க, ஆபீஸ் பார்க்கிங்கின் சரிவில் ஏறிப் பாருங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் குழந்தை இருக்கையையும் ஓர் அளவு நாடாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மாட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு எந்த மாடல், எந்த வருடம் என்று எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.